வாரத்துக்கு அஞ்சு பர்சன்ட்

எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு கடல் வந்து சேர்ந்ததற்கு அப்பா எந்தக் கட்டத்திலும் சம்மதம் தரவில்லை. அவரைக் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மாடியில் குடியிருந்தவர் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "சார், ஒரு இரும்பு ஸ்டாண்டு போட்டுக்கலாமா? செவுத்துல ஆணியெல்லாம் அடிக்க மாட்டேன்" என்றார். இரும்பு ஸ்டாண்டை யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த மாதம் அதன் மேல் வைக்க ஒரு கண்ணாடித் தொட்டி. "காலித் தொட்டிதான் சார், எடையே இல்ல." அதற்கும் அடுத்த மாதம் ஒரு வாளி நிறைய உப்பு ஆட்டோவில் வந்து இறங்கியது.

"சமையலுக்கா தம்பி?" என்றார் அப்பா.

"இல்ல சார், தண்ணில கலக்கறதுக்கு."

"எந்தத் தண்ணில?"

"இன்னும் ஊத்தல சார்."

கடைசியில் ஒருநாள் அப்பா குழாய் ரிப்பேர் பார்க்க மாடிக்குப் போனபோது மூன்றடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. பாறைகள் இருந்தன. ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள் அப்பாவை வந்து பார்த்தன. "எப்பய்யா இதெல்லாம் வந்துச்சு?" என்று அப்பா கத்தினார். "ஒவ்வொண்ணா சொல்லிட்டுதான் சார் இருந்தேன்" என்றார் அவர், பணிவாக. அது உண்மை என்பதால் அப்பாவால் மேற்கொண்டு கத்த முடியவில்லை. கீழே வந்து, ஒரு வாரம் எங்கள் ஹால் கூரையில் விரிசல் விடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்டின் டவுனில். கீழே நானும் அப்பாவும். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். மாடி ஒற்றை அறையில் அவர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும், கல்யாணம் ஆகவில்லை, அம்மா அதே ஊரில் ஸ்ரீராம்புரத்தில். காது கேட்கும் கருவி பொருத்துகிற ஒரு க்ளினிக்கில் வேலை. நெட்டையாக, கொஞ்சம் முன்னால் வளைந்து, எப்போதும் ஒரு கதவை மெதுவாகத் திறக்கப் போகிறவர் மாதிரி இருப்பார்.

என்னை முதல் மூன்று மாதம் 'மேடம்' என்றார். அடுத்த ஒரு மாதம் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் தொண்டையைச் செருமினார். அதற்குப் பிறகுதான் 'சிஸ்டர்' வந்தது. 'தங்கச்சி' வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. நான் இரண்டாவது நாளே 'அண்ணா' என்று கூப்பிட்டபோது அவர் சற்றுப் பின்வாங்கியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"எதையும் ஒரே அடியா செய்யக் கூடாது தங்கச்சி" என்பார். சாம்பாருக்கு உப்புப் போடுவதிலிருந்து வேலையை விடுவது வரை எதற்கும் இதுதான் அவர் வாக்கு. அப்பாவின் காதை அவர் இப்படித்தான் பிடித்தார். அப்பாவுக்குக் காது மந்தம். ஆனால் அது அப்பாவுக்குத் தெரியாது. உலகத்தில் எல்லோரும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது அவருடைய புகார். எங்கள் டிவிச் சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் சீரியல் பார்த்தார்கள். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னால் சண்டை.

ஒருநாள் இவர் சின்னதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து, "சார், இதை யாராவது ஒரு வாரம் சும்னே காதுல மாட்டிப் பாத்து, உறுத்துதா இல்லையான்னு சொல்லணும். எனக்கு வேற யாரும் இல்ல" என்றார். உபகாரம் என்றால் அப்பா முதல் ஆளாக நிற்பார். மாட்டிக்கொண்டார். அந்தக் கருவி ஆன் செய்யப்படவே இல்லை என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். இரண்டாவது வாரம் துளி சத்தம் வைத்தார். ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் கீழே வந்து, பேச்சோடு பேச்சாக, லேப்டாப்பில் இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போவார். இரண்டு மாதம் கழித்து அப்பா என்னைப் பார்த்து, "ஏம்மா பாத்திரத்தை இப்படி டமால் டமால்னு வைக்கற? முன்னல்லாம் நல்லாதானே வச்சிட்டு இருந்த?" என்றார். அவருக்குக் கருவி பொருத்தி முடிந்துவிட்டது என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். அப்பாவுக்கு யாரும் கடைசி வரை சொல்லவில்லை. வியாழக்கிழமை மட்டும் அப்பாவுக்கு வழக்கமாகிவிட்டது. ஆறு மணிக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாடிக்காரருக்காகக் காத்திருப்பார்.

ஆனால் இவருடைய நிதானம் முழு உச்சத்தை எட்டியது பவளங்கள் விஷயத்தில்தான்.

அவர் வளர்த்தது மென்பவளங்கள். கல் மாதிரி கெட்டியாக இல்லாமல், தண்ணீரில் ஆடுகிற ஜாதி. ஒன்று காளான் குடை மாதிரி, அதன் மேல் முழுக்க நுண்ணிய விரல்கள். அதை 'லெதர்' என்பார். பாறையோடு ஒட்டிய பச்சை வட்டங்களுக்கு 'மஷ்ரூம்' என்று பெயர். இன்னொன்று நூறு குட்டிக் கைகளை ஓயாமல் மூடித் திறந்துகொண்டே இருக்கும். அதை நான் 'பிச்சைக்காரி' என்றேன், அவருக்குப் பிடிக்கவில்லை. இதற்கெல்லாம் சோறு மாதிரி முக்கியமானது வெளிச்சம். குறைந்தால் வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டும். கூடினால் சுருங்கி, வெளுத்து, செத்தும் போகும்.

பழைய விளக்கு மங்கிப்போனதால் புதிதாக ஓர் எல்.இ.டி. விளக்கு வாங்கினார். அதில் வெளிச்சத்துக்கு ஓர் எண், கூட்டக் குறைக்க இரண்டு பொத்தான்கள். நூறு வரை போகும். இவர் பதினைந்தில் ஆரம்பித்தார். வாரத்துக்கு அஞ்சு பர்சன்ட், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

அந்த ஒரு பொத்தானை அழுத்துவது ஒரு சடங்கு. பிளாஸ்டிக் ஸ்டூலைத் தொட்டிக்கு எதிரே போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். லெதர் விரலை முழுக்க நீட்டியிருக்கிறதா, மஷ்ரூம் விளிம்பு மேலே தூக்குகிறதா, பிச்சைக்காரி கை சோர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். நோட்டில் எழுதுவார். சந்தேகம் வந்தால் அந்த வாரம் ஏற்றம் கிடையாது. ஒரு வாரம் லெதர் இரண்டு விரலை உள்ளே இழுத்துக்கொண்டது என்று சொல்லி இரண்டு பர்சன்ட் குறைத்தார். ஆயிரம் விரலில் அந்த இரண்டை எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

"கடல்ல சூரியன் ஒரே நாள்ல உதிக்குதேண்ணா" என்றேன் ஒருதரம்.

"உதிக்கும்போது நேரா உச்சிலயா வருது?" என்றார்.

ஸ்டெல்லா அந்தத் தொட்டியைப் பார்க்க வருவாள். அதே க்ளினிக்கில் காது பரிசோதனை செய்கிறவள். சட்டென்று பேசுவாள், சட்டென்று சிரிப்பாள், என்னைப் பார்த்த பத்தாவது நிமிஷம் என் தோளில் கை போட்டாள். அவரைவிட மூன்று வயது மூத்தவள், கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன என்று நான் அவளையே கேட்டேன்.

"எங்கிட்ட அவர் கல்யாணப் பேச்சு எடுத்தாரான்னே எனக்குத் தெரியலப்பா. ஒருநாள் உக்காந்து யோசிச்சா, எடுத்து முடிச்சிருந்தார். நானும் சரின்னு சொல்லியிருந்தேன்" என்றாள்.

மிச்சம் இருந்தது அவருடைய அம்மாவிடம் சொல்வது. "அம்மாவுக்கு பிபி இருக்குது தங்கச்சி. மதம் வேற, வயசு வேற. திடீர்னு சொன்னா தாங்க மாட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா சொல்லிட்டு வரேன்" என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மூன்று வருஷமாம். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டேன். "பேர் சொல்லியாச்சு" என்றார் பெருமையாக.

அந்த வருஷம் ஸ்டெல்லாவுக்கு மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சேர்வதா இல்லையா என்று ஒரு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். அவள் அதை அவரிடம் கிடைத்த அன்றே, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். "கொஞ்சம் டைம் கொடு" என்றாராம் அவர். மூன்று வாரம் போய்விட்டது. "நான் போயிடுவேன் போல இருக்குடி" என்று என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அவர் அம்மாவை அழைத்துக்கொண்டு திருப்பத்தூருக்கு ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமை போய்த் திங்கள் காலை திரும்புவதாக ஏற்பாடு. சாவியை என்னிடம் கொடுத்து, "மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி. அவ்வளவுதான். வேற எதையும் தொட வேணாம்" என்றார். விளக்கு அப்போது முப்பத்தைந்தில் இருந்தது.

சனிக்கிழமை மதியம் அப்பாவைப் பார்க்கப் பழைய ஃபேக்டரி நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவுக்கு மாடிக் கடலைக் காட்டவேண்டும் என்று ஆசை. இத்தனை நாளில் அது அவருடைய கடலாகவே ஆகிவிட்டிருந்தது. எல்லோரும் போனோம். நீல இருட்டில் தொட்டி மங்கலாகத் தெரிந்தது.

"இன்னாய்யா இது, லைட்டு அழுது வடியுது" என்றார் ஒரு நண்பர்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கூட்டுகிற பொத்தானை அழுத்திப் பிடித்தார். எண் ஓடி ஓடி நூறில் நின்றது. உண்மையைச் சொல்லவேண்டும்: அழகாக இருந்தது. பச்சை பச்சையாகவும், ஊதா ஊதாவாகவும் எல்லாம் தெரிந்தது. "அப்படியே இருக்கட்டும்பா, போட்டோ எடுத்துக்கறேன்" என்று சொன்னது நான்தான். எடுத்தேன். பேசிக்கொண்டே இறங்கினோம். விளக்கை யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் தீனி போடப் போனேன். விளக்கு நூறிலேயே எரிந்துகொண்டிருந்தது. லெதரில் ஒரு விரல்கூட இல்லை. வழுக்கைத் தலையாக நின்றது. மஷ்ரூம்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கி விளிம்பெல்லாம் வெளுத்திருந்தன. பிச்சைக்காரியின் கைகள் அத்தனையும் தொங்கிவிட்டிருந்தன.

உடனே ஃபோன் செய்தேன். அவர் மனசு நோகக் கூடாது என்று அவருடைய வழியிலேயே ஆரம்பித்தேன்.

"அண்ணா, மீனெல்லாம் நல்லா இருக்குது. நல்லா சாப்பிடுதுங்க."

"பவளத்துக்கு என்ன ஆச்சு?" என்றார் அவர்.

தன் தொழிலை அடுத்தவர் செய்தால் அவருக்குத் தெரியாமல் போகுமா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எத்தனை பர்சன்ட்?"

"நூறு."

"எத்தனை மணி நேரம்?"

"நேத்து மத்தியானத்துலருந்து."

திட்டியிருந்தால் தேவலை. "பத்துக்கு எறக்கிடுங்க தங்கச்சி. நான் ஸ்டெல்லாவை வரச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டெல்லா அரைமணியில் ஆட்டோவில் வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதித் தண்ணீரை மாற்றினாள். அப்பா வாளி எடுத்துக் கொடுத்தார். மறுநாள் வேலைக்குப் போகுமுன் மறுபடி வந்துவிட்டாள். அவள் மேலே முழங்கை வரை உப்புத் தண்ணீரில் கைவிட்டு நின்றுகொண்டிருந்தபோதுதான் வாசலில் இன்னோர் ஆட்டோ நின்றது. அவர் இறங்கினார். பின்னாலேயே பையோடு அவருடைய அம்மா. மகன் ராத்திரி முழுக்கத் தூங்காததைப் பார்த்துவிட்டு, "என்னை அப்பறம் வீட்ல விடு. மொதல்ல அங்க போ" என்று கூடவே வந்துவிட்டாராம்.

நான் மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தேன். அவர் நாலு படி ஏறினார். மேலே ஸ்டெல்லாவின் செருப்பு கிடந்ததைப் பார்த்தார். நின்றார்.

"அம்மா, ஒரு நிமிஷம்."

"இன்னாடா?"

"மேல… தண்ணி மாத்தறதுக்கு ஒருத்தங்க வந்திருக்காங்க."

"வரட்டுமே."

"எங்க க்ளினிக்ல வேலை செய்யறவங்க."

"சரி."

"லேடீஸ்."

"ஸ்டெல்லாதானே?" என்றார் அம்மா.

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருசமா சொல்லிட்டுதானே இருக்கற? மொத தீபாவளிக்கு 'ஆபீஸ்ல ஒருத்தங்க'ன்ன. அப்பறம் அந்த ஒருத்தங்க நல்லா மீன் கொழம்பு வைப்பாங்கன்ன. பொங்கலுக்குப் பேரு வந்துச்சு. உன்ன விட மூணு வயசு பெரியவங்கறது இன்னும் வரல. அது எப்ப வரும்? அடுத்த தீபாவளிக்கா?"

"அது… உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பேரு தெரிஞ்சா நான் விசாரிக்க மாட்டேனா?"

"அப்ப ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"நீ சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன்டா. நடுவுல வாயத் தொறந்தா, நீ மறுபடி மொதல்லருந்து ஆரம்பிப்ப."

ஸ்டெல்லா ஈரக் கையோடு மேல்படியில் வந்து நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். அம்மா அண்ணாந்து அவளை நன்றாகப் பார்த்தார்.

"உங்க வீட்ல சொல்லிட்டியாம்மா?"

"மூணு வருஷம் முன்னாடியே சொல்லிட்டேன் ஆன்ட்டி. ஒரே நாள்ல."

"நல்ல பொண்ணு. அப்ப எதுக்கு நிக்குது?"

"புதன்கிழமைக்குள்ள மஸ்கட்டுக்கு பதில் சொல்லணும். இவர் ஒண்ணும் சொல்லல."

அம்மா மகன் பக்கம் திரும்பினார். "ஜல்தியா சொல்லுடா. எனக்கு மூட்டு வலிக்குது."

அவர் அம்மாவைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். வழக்கமாக அவர் பேச்சு எங்கேயோ தொலைவில், வேறு ஏதோ விஷயத்தில் ஆரம்பிக்கும். நான் அதற்காகக் காத்திருந்தேன்.

"போகாத" என்றார்.

அவ்வளவுதான். ஸ்டெல்லா ஈரக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டு, "ஐயோ எரியுது" என்று அழுதாள். அம்மா அவரைத் தள்ளிக்கொண்டு படியேறிப்போய் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிச்சைக்காரி பிழைக்கவில்லை, மஷ்ரூமில் பாதி போயிற்று. லெதர் மட்டும் பத்து நாள் மூடிக் கிடந்து, மேல் தோலை உரித்துப் போட்டுவிட்டு, ஒரு காலையில் விரல் நீட்டியது. அப்பா தினமும் மாடிக்குப் போய் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் பார்த்தது அவர்தான். கீழே ஓடிவந்து சொன்னபோது அவருக்கு மூச்சு வாங்கியது. என் மேலோ அப்பா மேலோ அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினைந்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒற்றை அறை எப்படிப் போதும்? நாலைந்து மாதம் ஸ்ரீராம்புரத்துக்கும் இங்குமாக அலைந்தார்கள். ஒருநாள் நான் துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்று, "தங்கச்சி, அடுகோடிப் பக்கம் தண்ணி வசதியெல்லாம் எப்படி?" என்றார்.

"எப்ப காலி பண்றீங்க?" என்றேன்.

அவர் முகம் தொங்கிவிட்டது. நான்கு வாரத்துக்கான பேச்சை நான் ஒரே கேள்வியில் முடித்துவிட்டேன். இரண்டு மாதத்தில் என்று ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட நீங்க சொல்லிடாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் அப்பாவிடம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் வியாழக்கிழமை ஆறு மணிக்கு வருகிறவர் ஆறரைக்கு வந்தார். அடுத்த வாரம் ஏழு. பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். பிறகு வாசலிலேயே நின்று, "சார், நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா நாற்காலி போடுவதை நிறுத்தி, தானாகவே பக்கத்துத் தெருவில் சீட்டாடப் போக ஆரம்பித்தார்.

காலி செய்த அன்று லெதரையும் மீன்களையும் வாளிகளில் எடுத்துக்கொண்டு டெம்போவில் போனார்கள். அப்பா கையாட்டிவிட்டு உள்ளே வந்து, "பாவம், நல்ல பையன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார். போய் ரெண்டு மாதம் ஆன ஒருவரைப் பற்றிப் பேசுகிற குரல்.

நான் அறையைப் பெருக்க மாடிக்குப் போனேன். தொட்டி இருந்த இடத்தில் தரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைக்க உட்கார்ந்தவள் துடைக்காமல் அழுதேன். அவர் போகப்போவது எனக்குத்தான் ஒரே கேள்வியில் தெரிந்துவிட்டதே. எனக்கென்று அவர் எதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட வழக்கம்போல வந்து, சமையலறை வாசலில் நின்று, ஒருமணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தார்.